பெயரைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி?

கனி என்றால் பழம். அப்துல் கனி என்ற பெயரில் பழம் இல்லை. சக்திவேலில் இருப்பது முருகன் கையிலுள்ள வேல். சாமுவேலில் வேலே கிடையாது. மாதவன் பெருந்தவம் செய்தவனும் அல்லன், கோபாலன் பசுவின் பிள்ளையும் அல்லன். பெயரை முழுதாக எடுத்து, காதில் விழுந்த தமிழ்ச் சொல்லோடு ஒட்டிப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களும் பெரிதாக உதவுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஒளி’, ‘அழகு’, ‘வெற்றி’ என்று ஒரு சொல் இருக்கும். அது எந்த மொழியிலிருந்து, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று இருக்காது. சரிபார்க்க வழியில்லாத பொருளால் பயனில்லை. ஒரு பெயரை எடுத்தால் நான்கு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள்: மூல ஒலி என்ன, எந்த மொழி, எங்கே வெட்டுவது, உள்ளே ஒரு தெய்வப் பெயர் இருந்தால் அதற்கும் பெயர் தாங்கியவருக்கும் என்ன உறவு. மொழி தெரியுமுன் வெட்டினால் வெட்டு தப்பான இடத்தில் விழும். உறவைப் பார்க்காமல் விட்டால் அடியானை ஆண்டவனாக்கிவிடுவோம்.

முதலில் எழுத்தைச் சந்தேகப்படுங்கள்

தமிழில் ஒரே ‘ப’ இரண்டு விதமாக ஒலிக்கும். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாம் ப வேறு. தமிழ்ச் சொல்லில் இடத்தை வைத்தே ஒலி தெரிந்துவிடுவதால் தொல்லை இல்லை. வடமொழியிலும் அரபியிலும் அவை வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு சொற்கள்.

‘பால்’ ஒன்றே போதும். பாலகிருஷ்ணனில் வருவது பம்பரத்தின் இரண்டாம் ப: பாலன், அதாவது சிறுவன். கோபாலன், தனபாலன் இரண்டிலும் வருவது முதல் ப: பாலன், அதாவது காப்பவன். கோபாலன் பசுக்களைக் காப்பவன். தனபாலன் செல்வத்தைக் காப்பவன். சிவனுக்குரிய பால்வண்ணநாதர் என்ற பெயரில் வருவது நாம் குடிக்கும் பாலேதான். பால்ராஜ் பெரும்பாலும் புனித பவுலின் பெயர். எழுத்து ஒன்று, சொல் நான்கு.

க-வில் இதைவிடச் சிக்கல். அரபியில் தொண்டையிலிருந்தும் அடிநாக்கிலிருந்தும் எழும் பல ஒலிகளை நாம் ஒரே க-வில் அடைத்துவிடுகிறோம். அப்துல் கனியில் உள்ள ‘கனி’ எவரிடமும் எதுவும் தேவைப்படாதவன் என்ற பொருளில் அல்லாஹ்வின் பெயர். அப்துல் கபூரில் உள்ளது ‘மிக மன்னிப்பவன்’. அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூரின் பெயரை நாம் அதே எழுத்துகளில் எழுதினாலும், அந்தச் சொல்லுக்குக் கற்பூரம் என்று பொருள்.

நெடில் குறில் மாறினாலும் ஒரு புள்ளி விழுந்தாலும் ஆள் மாறிவிடுவார். அனந்தன் முடிவில்லாதவன் (அன் + அந்தம்). ஆனந்தன் மகிழ்ச்சி வடிவானவன். சார்ங்கம் என்பது திருமாலின் வில், சாரங்கம் என்பது மான். வில்லைக் கையில் ஏந்திய சார்ங்கபாணி திருமால். மானைக் கையில் ஏந்திய சாரங்கபாணி சிவன். கும்பகோணத்துப் பெருமாளையும் பேச்சு வழக்கில் சாரங்கபாணி என்றே சொல்லிப் பழகிவிட்டதால், இந்தப் பெயர் கொண்டவர் எந்தக் கோயிலின் பெயரைத் தாங்குகிறார் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மூல ஒலியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பெயரை வேறொரு எழுத்தில் பார்ப்பது. பள்ளிச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துகளே ப, க, த ஆகியவற்றின் வேறுபாட்டைப் பாதிக்கு மேல் காட்டிவிடும். மலையாள எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதிய வடிவம் கிடைத்தால் வடமொழிப் பெயர்களுக்கு ஐயமே இருக்காது. எண்சோதிடத்துக்காகக் கூட்டிக் குறைத்த ஆங்கில எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு முந்தைய வடிவத்தைக் கேளுங்கள். எண் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஆங்கில எழுத்தில் எதைச் சேர்த்தாலும் பொருள் கெடாது. தமிழில் ஒரு குறிலை நெடிலாக்கினால் கெடும்.

தலையும் வாலும் மொழியைச் சொல்லும்

எபிரேயப் பெயர்களில் கடவுளைக் குறிக்கும் துண்டுகள் இரண்டு. ஒன்று ‘ஏல்’, கடவுள் என்ற பொதுச்சொல். மற்றொன்று இஸ்ரவேலரின் கடவுளுக்கே உரிய பெயரின் சுருக்கம். அது முன்னால் வந்தால் ‘யோ’, பின்னால் வந்தால் ‘யா’. தமிழில் ‘ஏல்’ மறைந்து நிற்பதற்குக் காரணம் நம் உடம்படுமெய். இ, ஈ, ஐ-க்குப் பின் உயிர் வந்தால் ய் தோன்றும், மற்ற உயிர்களுக்குப் பின் வ் தோன்றும். அதனால் தானி + ஏல் தானியேல் ஆயிற்று, சாமு + ஏல் சாமுவேல் ஆயிற்று, இம்மானு + ஏல் இம்மானுவேல் ஆயிற்று. சாமுவேலின் ‘வேல்’ இப்படி வந்தது. தங்கவேல், பழனிவேல், ஞானவேல் ஆகியவற்றில் வேல் தனிச்சொல்.

யோ, யா இரண்டிலும் ஏமாறாதீர்கள். யோவான், யோனத்தான், யோவேல் ஆகியவற்றில் யோ தெய்வப் பெயர். யோனாவில் அது இல்லை. அச்சொல்லுக்குப் புறா என்றே பொருள். யோசேப்பில் வருவது ‘அவர் கூட்டித் தருவாராக’ என்ற வினைச்சொல்லின் முதற்பகுதி. ஏசாயா, சகரியா, நெகேமியா, ஒபதியா ஆகியவற்றின் யா தெய்வப் பெயர்; மரியாவின் யா அப்படி அன்று.

அரபிப் பெயரில் ‘அப்து’ முன்னால் நின்றாலோ, ‘உல்லா’ பின்னால் நின்றாலோ உள்ளே இறைவன் பெயர் உண்டு. ‘உத்தீன்’ என்று முடிந்தால் இல்லை. தீன் என்றால் மார்க்கம். ஷம்சுத்தீன் மார்க்கத்தின் சூரியன், நூருத்தீன் மார்க்கத்தின் ஒளி. நம் பக்கம் மைதீன் என்று சுருங்கிவிட்ட முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். அரபியில் மூன்று மெய்களே வேர். உயிர்கள் மாறி மாறிச் சொற்கள் பிறக்கும். ஹ, ம, த என்ற வேரிலிருந்து ஹமீது, அஹ்மது, முஹம்மது, மஹ்மூது எல்லாம் வரும். எல்லாவற்றிலும் புகழ் என்ற பொருள் ஓடும். மெய்களை மட்டும் பிரித்து எழுதிப் பார்த்தால் உறவுப் பெயர்கள் தாமாக ஒன்றுசேரும்.

வடமொழிப் பெயர்களுக்கு ஈசன் (ஈஷ்), நாதன், பதி, இந்திரன், தாசன், பாணி (கையில் உடையவன்), அட்சி (கண்ணை உடையவள்), அசலம் ஆகியவை வழக்கமான வால்கள். தமிழ்ப் பெயர்களுக்கு அப்பன், கண்ணி, மலை, வேல், ஆண்டி, அடியான்.

கிறித்தவப் பெயர்களில் போர்த்துகீசிய வழியாக வந்தவை தனிக் கூட்டம். அவற்றைத் தமிழாகப் படித்தால் வேடிக்கைதான். சந்தியாகு என்பது அந்திச் சந்தியா அன்று. சூசையில் ஊசியும் இல்லை. சூசை யோசேப்பின் போர்த்துகீசிய வடிவம். கத்தோலிக்கக் குடும்பத்து அன்னம்மாள் மரியாளின் தாய் அன்னாளின் பெயரைத் தாங்கியவர். எபிரேயத்தில் அதற்கு அருள் என்று பொருள். அன்னப் பறவையும் சோறும் இதில் வராது. அன்னபூரணியில் சோறுண்டு.

எங்கே வெட்டுவது

வடமொழிப் பெயர்களில் பாதிப் பிழை சந்தியில் நடக்கிறது. மூன்று விதிகள் தெரிந்தால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்: அ + அ = ஆ; அ + இ = ஏ; அ + உ = ஓ. இரு பக்கமும் வரும் உயிர் குறிலானாலும் நெடிலானாலும் இதே கணக்கு. ஆகவே பெயரின் நடுவில் ஆ, ஏ, ஓ கண்டால் அங்கே நின்று, வெட்டிப் பாருங்கள்.

தாமோதரன்: நடுவில் ஓ. தாம + உதரன், கயிற்றை வயிற்றில் உடையவன். யசோதை உரலில் கட்டிய கதை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. கணேசன்: கண + ஈசன். தணிகாசலம்: தணிகை + அசலம். அசலம் என்றால் அசையாதது, மலை. இருடீகேசன் என்று தமிழில் எழுதும் ஹிருஷீகேசனை ‘ரிஷி + கேசம்’ என்று வெட்டுவது பரவலான பிழை. ஹிருஷீக + ஈசன், புலன்களின் தலைவன்.

ஈஷ் என்று முடியும் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரியும். ரமா + ஈசன் = ரமேஷ்; ரமா என்றால் இலக்குமி, ஆகவே திருமால். உமா + ஈசன் = உமேஷ்; சிவன். சதி + ஈசன் = சதீஷ்; சிவன். கிரி + ஈசன் = கிரீஷ்; மலைக்குத் தலைவன், அவனும் சிவன். சுர + ஈசன் = சுரேஷ்; தேவர் தலைவன். தின + ஈசன் = தினேஷ்; பகலின் தலைவன், சூரியன். நண்பர்கள் நான்கு பேரின் பெயர் ஒரே மாதிரி முடிந்தாலும் நான்கு தெய்வங்கள் இருக்கலாம். ரமேஷை ‘ராமன் + ஈசன்’ என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியிருந்தால் அது ராமேஷ் என்றுதான் வந்திருக்கும். நெடில் எங்கும் தொலைவதில்லை.

ராஜேந்திரன், நரேந்திரன் ஆகியவற்றின் இறுதியில் நிற்கும் இந்திரனைத் தேவலோகத்து இந்திரன் என்று எடுக்க வேண்டாம். கடைசியில் வரும்போது அச்சொல் தலைவன், சிறந்தவன் என்ற அளவிலேயே நிற்கும்.

சரியாக வெட்டியும் இரண்டு பொருள் கிடைப்பது உண்டு. மாதவன் என்பதை மா + தவன் என்று பிரித்தால் திருமகளின் கணவன் (மா திருமகள், தவன் கணவன்); மது என்பவனின் குலத்தில் வந்தவன் என்றும் கொள்வார்கள். இரண்டும் வடமொழி மரபில் உள்ளவை. ‘பெருந்தவத்தான்’ என்பது தமிழ்க் காதுக்கு இனிக்கிறது, ஆனால் அது திருமாலின் பெயருக்கு விளக்கமாகாது. நாராயணனுக்கு வைணவ ஆசாரியர்கள் இரு வழியாகவும் பொருள் சொல்வார்கள்: நாரங்களுக்கு, அதாவது உயிர்த்தொகைகளுக்கு, அயனமாக (இருப்பிடமாக) உள்ளவன், நாரங்களைத் தனக்கு அயனமாக உடையவன். பிரித்த துண்டுகள் ஒன்றே; இடையில் மறைந்திருக்கும் வேற்றுமைதான் மாறுகிறது. இப்படி வந்தால் இரண்டையும் எழுதிவைப்பதே முறை.

உறவு எங்கே ஒளிந்திருக்கிறது

வேலையில் சுவையான பகுதி இதுதான். பெயருக்குள் தெய்வம் இருக்கிறது என்று கண்டதும் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தெய்வத்தோடு ஆளை எது இணைக்கிறது என்பதே பெயரின் சாரம்.

சைவ, வைணவ வழக்கில் தெய்வத்தின் பெயரையே நேராகப் பிள்ளைக்கு வைக்கலாம். முருகன், கண்ணன், மீனாட்சி என்று கூப்பிடும்போதெல்லாம் தெய்வத்தைக் கூப்பிட்டதாக ஆகும் என்பதே அதன் உட்கருத்து. இத்தகைய பெயர்களில் உறவுச்சொல் தேட வேண்டாம், இருக்காது. ஆறுமுகம், ஏகாம்பரம் போன்றவை மட்டும் இலக்கணப் பார்வை கேட்கும். ஆறுமுகம் என்பது ஆறு முகங்களைச் சொல்லவில்லை, அவற்றை உடையவனைச் சொல்கிறது. நம் இலக்கணத்தில் அன்மொழித்தொகை. தண்டபாணி ‘தண்டமாகிய கை’ அன்று, தண்டத்தைக் கையில் உடையவன். மீனாட்சி மீன் போன்ற கண்ணை உடையவள். ‘உடையவன், உடையவள்’ என்று கடைசியில் சேர்த்துப் பார்த்துப் பொருள் பொருந்தினால் அன்மொழித்தொகை என்று முடிவுசெய்யலாம்.

இசுலாத்தில் இறைவன் பெயரை மனிதனுக்கு நேராக வைப்பதில்லை. ‘அப்து’ (அடியான்) முன்னால் வர வேண்டும். அப்து + அல் + ரஹ்மான்: அளவற்ற அருளாளனின் அடியான். அல்லாஹ்வுக்கு மரபாகச் சொல்லப்படும் 99 திருநாமங்களில் ஒவ்வொன்றோடும் இப்படிச் சேர்க்கலாம். ரஜாக் உணவளிப்பவன், வஹாப் கொடையாளன், காதர் ஆற்றலுடையவன், லத்தீப் நுட்பமும் கனிவும் உடையவன். ரஹீம், கரீம் போன்றவை மனிதப் பண்பாகவும் சொல்லத்தக்கவை என்பதால் தனியாக வைப்பது உண்டு. ரஹ்மான் இறைவனுக்கே உரியது என்பதால் அதைத் தனியாக வைப்பதை மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை.

இதனால் நடைமுறையில் இரண்டு பிழைகள் வருகின்றன. ஒன்று, ‘அப்துல்’ என்று கூப்பிடுவது. அது பெயரே அன்று. ‘இன்னாரின் அடியான்’ என்று தொடங்கி ‘இன்னார்’ யாரென்று சொல்லாமல் விட்ட பாதி. இரண்டு, படிவங்களில் முதற்பெயர் அப்துல், கடைசிப்பெயர் ரஹ்மான் என்று பிரித்து நிரப்புவது. பிறகு எல்லாரும் ரஹ்மான் என்று மட்டும் அழைக்க, ‘அடியான்’ கழன்றுவிடும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுங்கள். ‘அல்’ சில எழுத்துகளுக்கு முன் தன் லகரத்தை இழந்து அடுத்த எழுத்தாகவே மாறும். அரபியின் 28 எழுத்துகளில் 14 இப்படிப்பட்டவை. அதனால்தான் அப்துர் ரஹ்மான், அப்துஸ் சலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்துல் ரஹ்மானும் அப்துர் ரஹ்மானும் ஒரே பெயர்.

எபிரேயத்தில் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். தானியேல்: கடவுள் என் நீதிபதி. இம்மானுவேல்: கடவுள் நம்மோடு. இஸ்மவேல்: கடவுள் செவிசாய்க்கிறார். மிக்கேல் ஒரு கேள்வி: கடவுளுக்கு நிகர் யார்? ஆகவே ‘மிக்கேல் என்றால் கடவுளைப் போன்றவர்’ என்று எழுதுவது பொருளைத் தலைகீழாக்குவது. எலியாவும் யோவேலும் ஒரே இரு துண்டுகளை இடம்மாற்றி வைத்தவை. இரண்டும் அந்தத் தனிப்பெயருக்குரியவரே கடவுள் என்று அறிக்கையிடுகின்றன.

மொழிகளைத் தாண்டி ஒரே உறவைத் தேடினால் பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். அடியான் என்ற உறவுக்கு எபிரேயத்தில் ஒபதியா, அரபியில் அப்துல்லா, வடமொழியில் சிவதாசன், தமிழில் சிவனடியான். ஒபதியாவின் முதற்பகுதியும் அப்துவும் ஒரே வேர். கொடை என்ற உறவுக்கு எபிரேயத்தில் நத்தானியேல், யோனத்தான், மத்தேயு, கிரேக்கத்தில் தியோடர், அரபியில் அதாவுல்லா, வடமொழியில் தேவதத்தன், தமிழ் முசுலிம்களிடம் அல்லாபிச்சை. கடைசிப் பெயரைக் கேட்டு இரவலன் என்று எண்ண வேண்டாம். இங்கே பிச்சை, வேண்டிப் பெற்ற பிள்ளை.

மொழிபெயர்ப்பாகவே உருவான பெயர்களும் நம்மிடம் உண்டு. பெயரின் பொருளை அறிந்து அதற்குத் தமிழ்ச் சொல் வைப்பது 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவத் தமிழில் ஒரு கலையாகவே இருந்தது. யோசேப்பின் எபிரேயப் பொருள் ‘கூட்டித் தருவாராக’. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். யோவானின் பொருள் ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’; அவர் அங்கே கருணையன் ஆனார், கத்தோலிக்க வழக்கில் அருளப்பர் ஆனார். இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். 1745இல் திருமுழுக்குப் பெற்று, 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பெற்ற பெயர் லாசர். ‘கடவுள் துணைசெய்தார்’ என்ற எலெயாசரின் சுருக்கம் அது. தேவசகாயம் அதன் நேர்மொழிபெயர்ப்பு. இத்தகைய பெயரைக் கண்டால் தமிழ் அகராதியோடு நிறுத்தாமல் பின்னால் இருக்கும் மூலப்பெயரையும் தேட வேண்டும்.

தெய்வப் பெயரையே உடைப்பது

உள்ளே இருக்கும் தெய்வப் பெயருக்கு அடுத்துப் பொருள் காண வேண்டும். நிறம், உறுப்பு, கையிலிருப்பது, செயல், துணைவி, ஊர், மரம் என்று ஏதோ ஒன்றிலிருந்தே தெய்வப் பெயர் பிறக்கிறது. கிருஷ்ணனும் மாயோனும் நிறம்: கருமை. பத்மநாபன் உறுப்பு: தாமரை பூத்த தொப்புள். சக்கரபாணி கையிலிருப்பது. மதுசூதனன் செயல்: மது என்ற அசுரனைக் கொன்றது. பார்த்தசாரதி, பார்த்தனுக்குத் தேரோட்டியவன்.

தமிழ்நாட்டுப் பெயர்களில் ஊர்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். செந்தில், பழனி, சிதம்பரம், அண்ணாமலை, வேங்கடேசன் எல்லாமே தலத்திலிருந்து ஆளுக்கு வந்தவை; இடவாகுபெயர். பெண் பெயர்களில் அகிலாண்டேசுவரி திருவானைக்காவையும், அபிராமி திருக்கடையூரையும், கற்பகாம்பாள் மயிலாப்பூரையும், காந்திமதி திருநெல்வேலியையும் காட்டும். கத்தோலிக்கரில் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்பன வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர்; உடல்நலம் என்ற சொல்லோடு நின்றுவிட்டால் மாதாவைத் தவறவிடுவோம். சாகுல் ஹமீது, நாகூர் மீரான் நாகூர் தர்காவை நோக்கி நிற்பவை.

ஒரு தலத்துத் தெய்வத்துக்குத் தமிழிலும் வடமொழியிலும் இணையான பெயர்கள் இருக்கும். ஒன்று புரியாதபோது மற்றொன்று விளக்கும். மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி (அம் + கயல் + கண்ணி). தஞ்சைப் பெரியநாயகிக்குப் பிருகன்நாயகி. திருவையாற்று ஐயாறப்பருக்குப் பஞ்சநதீசுவரர். பஞ்சநதம் என்ற ஆட்பெயர் அங்கிருந்து வந்தது. விருத்தாசலத்துக்குப் பழமலை. திருச்சி தாயுமானவருக்கு மாத்ருபூதேசுவரர். மாத்ருபூதம் என்ற பெயரில் பேய் பூதம் எதுவும் கிடையாது, ‘தாயாக ஆனவர்’ என்பதே பொருள். எல்லா இணையும் நேர் மொழிபெயர்ப்பு என்று எண்ண வேண்டாம். அருணாசலம் சிவந்த மலை. அண்ணாமலை அணுக முடியாத மலை (அண்ணுதல் என்றால் அணுகுதல்). மலை ஒன்று, பார்வை இரண்டு. அண்ணனுக்கு இதில் வேலையில்லை.

ஏகாம்பரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிதம்பரம் சித் + அம்பரம், அறிவுவெளி. அதே அம்பரத்தை ஏகாம்பரத்திலும் பார்த்து ‘ஒற்றை ஆடை’, ‘ஒரே வெளி’ என்று சொல்லிவிடுகிறார்கள். காஞ்சிபுரத்துத் தலமரம் மாமரம். ஏக + ஆம்ரம், ஒற்றை மாமரம். அதன் கீழ் அமர்ந்தவர் ஏகாம்ரநாதர். ஏகம்பன், ஏகாம்பரன் எல்லாம் அதன் உருமாற்றம். ஆனைக்காவில் நாவல் மரத்தடியில் இருப்பதால் ஜம்புகேசுவரர். ஜம்புலிங்கம் என்ற பெயருக்கும் அதே நாவல்.

முருகன், சிவன், கடவுள் போன்ற அடிப்படைச் சொற்களில் வேகம் குறையட்டும். முருகு என்பதற்கு இளமை, அழகு, மணம், தெய்வத்தன்மை எல்லாமே பழந்தமிழ்ப் பொருள்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. சிவன் வடமொழியில் மங்கலமானவன். தமிழில் செம்மை, சிவப்பு என்ற வேரோடு இணைப்பவர்களும் உண்டு. ‘கடந்தும் உள்ளும் இருப்பவர் கடவுள்’ என்பது நல்ல சமய விளக்கம், ஆனால் அதைச் சொற்பிறப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டவன் ஆள் என்ற வினையிலிருந்தும், இறைவன் இறை என்ற பெயரிலிருந்தும் வந்தவை. இறை அரசனுக்கும் பெயர், அரசனுக்குக் கட்டும் வரிக்கும் பெயர். கோவின் இல் கோயில் ஆனதும் இதே வழக்குதான்.

எபிரேயத் தனிப்பெயருக்கு நான்கு மெய்யெழுத்துகள்: யோத், ஹே, வாவ், ஹே. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல், அந்த இடத்தில் ‘அதோனாய்’, என் ஆண்டவர், என்று வாசித்தார்கள். அதை நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த மெய்களோடு சேர்த்து எழுதினார்கள். கலவையை அப்படியே வாசித்தால் வருவது யெகோவா. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் இந்த நான்கெழுத்தே இருக்கிறது. யாத்திராகமம் 3:14இல் வரும் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்ற விடை அதை ‘இரு’ என்ற வினையோடு இணைக்கிறது. ஆகவே ஏல் வரும் பெயருக்குக் கடவுள் என்றும், யோ, யா வரும் பெயருக்கு ஆண்டவர் அல்லது கர்த்தர் என்றும் எழுதினால் மூலத்தின் வேறுபாடு தமிழிலும் தங்கும்.

பொருள் வேறு, காரணம் வேறு

குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி ஆகிய பெயர்களின் பொருள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொருளுக்காக எந்தத் தாயும் அவற்றை வைக்கவில்லை. முன்பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இது யாரும் ஆசைப்படாத பிள்ளை என்று காட்டிக் கண்ணேறையும் சாவையும் ஏமாற்ற வைத்த பெயர்கள் அவை. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில் ‘போதும்பொண்ணு’ வந்த காரணமும் அகராதியில் இல்லை. இத்தகைய பெயரோடு சாமி சேர்ந்து குப்புசாமி, பிச்சைசாமி என்று வரும்போது ‘குப்பையின் கடவுள்’ என்று பெயர்த்துவிடாமல் பாருங்கள்.

பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தை வைத்துத் தேடியவர்களுக்கு முதலெழுத்தே காரணம். பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அண்மையில் ஓசைக்காகக் கோத்த பெயர்கள் பலவற்றை எப்படி வெட்டினாலும் எந்த மொழிச் சொல்லும் கிடைக்காது. அப்போது ‘பொருள் இல்லை, ஓசைக்காக வைத்தது’ என்று எழுதுவது நேர்மையான விடை.

துண்டுகளைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நல்ல துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். வேற்றுமொழிச் சொல்லென்றால் அதன் மூல வடிவத்தைக் காட்டும். முழுப்பெயரைத் தேடி இல்லையென்று விட்டுவிடாமல், வெட்டிய ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தேடுங்கள்.

கண்டதை ஐந்து வரியில் எழுதிவைத்தால் அடுத்தவரும் சரிபார்க்கலாம். தாத்தா பெயர் சந்தியாகு என்று வைத்துக்கொள்வோம்.

பெயர்: சந்தியாகு, மரியாதை வடிவம் சந்தியாகப்பர்.
மொழி: எபிரேயத்திலிருந்து இலத்தீன், ஐபீரிய மொழிகள் (போர்த்துகீசியம், ஸ்பானியம்) வழியாகத் தமிழுக்கு.
பிரிப்பு: சந்த் (புனிதர்) + யாகு (யாக்கோபு).
தெய்வப் பெயர்: இல்லை. யாக்கோபைக் குதிகால் என்ற சொல்லோடு இணைத்து ஆதியாகமம் 25:26 விளக்குகிறது; அண்ணனின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன்.
காரணம்: குடும்பத்தில் மூத்தவரைக் கேட்க வேண்டும். பிறந்தது யூலை 25ஐ ஒட்டி இருந்தால், அது புனித சந்தியாகப்பரின் திருநாள்.